பீடித் தூள் மீது போடப்படும் பழி

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெண்களைத் தாக்கும் பாக்டீரியத் தொற்றுகளுக்குக் காரணம் கேட்டால், முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றே. பீடி சுற்றும் பெண்ணுக்குக் காசநோய் வந்தால் அது புகையிலைத் தூளின் வேலை; நடவுக்குப் போகும் பெண்ணுக்குக் காலில் புண் வைத்துக் காய்ச்சல் கண்டால் அது வயல் சேற்றின் வேலை; அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தால் அது சுத்தக் குறைவு. எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் மட்டும் தலையெடுக்கும் தொற்றுகள் என்று மருத்துவ நூல்கள் தனியே வகுத்துப் பேசுபவை எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவகாரம் என்றும், மற்றவர்களின் பலவீனம் டானிக்கோடும் கஷாயத்தோடும் தீர்ந்துவிடும் சத்துக் குறைவு என்றும் அக்கருத்து மேலும் சொல்கிறது. படிக்காதவர்களின் நம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தொழிற்சங்க மேடைகளிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும், சில வேளை மருத்துவரின் அறையிலும்கூட இதுவே பேசப்படுகிறது.

இக்கருத்துக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். புகையிலைத் தூள் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் என்பதும், நாள் முழுதும் சுளகை மடியில் வைத்துக் குனிந்து சுற்றும் பெண்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வருகின்றன என்பதும் பொய்யல்ல. வயல் சேற்றில் நோய்க்கிருமிகள் உண்டு. எச்.ஐ.வி. எதிர்ப்பாற்றலைச் சிதைப்பது போல வேறு எந்தத் தொற்றும் சிதைப்பதில்லை. மேலும், தூளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதால்தான் பீடித் தொழிலாளரின் உடல்நலம் அரசின் கவனத்துக்கு வந்தது. 1976-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டமும், முக்கூடலில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் நடத்தும் மருத்துவமனையும் அத்தகைய கவனத்தின் பயன்கள். நல்ல நோக்கத்தோடு பிறந்து, சில நன்மைகளையும் செய்த கருத்து இது.

ஆயினும் கருத்து தவறானது. இன்று அது செய்யும் தீமை, என்றோ செய்த நன்மையை மிஞ்சிவிட்டது. உடலின் காவல் தளரும் நேரம் வரை அடங்கிக் கிடந்து, அல்லது தீங்கில்லாமல் உடன் வாழ்ந்து, தளர்ந்த பின் நோயாக வெளிப்படும் தொற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்பர். நல்ல உடலையும் வீழ்த்தவல்ல காசநோய்க் கிருமியை இவ்வகையில் முழுமையாகச் சேர்ப்பதற்குக் கண்டிப்பான நுண்ணுயிரியலாளர் தயங்குவர். ஆனால் அதன் நடத்தையில் பெரும்பகுதி இந்த வரையறைக்குள் அடங்குவதை அவர்களும் மறுப்பதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அத்தகைய தளர்ச்சி அபூர்வமான ஒன்றல்ல. நீரிழிவு, போதாத உணவு, வலிக்காக விழுங்கப்படும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் அதை வீடு வீடாக உண்டாக்குகின்றன. காசநோய் ஒரு பக்கம், கால் புண் ஒரு பக்கம், நீர்க்கடுப்பு ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிக்காரணம் கற்பிக்கப்படுவதால், அவற்றுக்கு அடியில் இருக்கும் பொதுக்காரணம் பரிசோதிக்கப்படாமலேயே போகிறது.

1. தூளில் காசநோய்க் கிருமி இல்லை.

மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் அந்தப் பாக்டீரியா, நோயுற்ற ஒருவரின் நுரையீரலிலிருந்து இருமலோடு கிளம்பும் நுண்துளிகளில் மிதந்து மற்றொருவரின் மூச்சில் புகுகிறதே அன்றி, பீடி இலையிலோ புகையிலையிலோ பயணம் செய்து வருவதில்லை. அப்படிப் புகுந்த பின்னும், பத்துப் பேரில் ஒன்பது பேர் வாழ்நாள் முழுதும் நோயாளி ஆவதில்லை. நுரையீரலில் உள்ள மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்கள் கிருமியை விழுங்க, டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் அவற்றுக்குத் துணை நிற்க, கிருமி கொல்லப்படாவிட்டாலும் முடக்கி வைக்கப்படுகிறது. ஆகவே, கிருமி எங்கிருந்து வந்தது என்பதைவிட, முடக்கி வைத்த ஏற்பாடு ஏன் குலைந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தூள் என்ற விடை இந்தக் கேள்விக்கு அருகில்கூட வருவதில்லை. ஒரே திண்ணையில் சுற்றும் தாய்க்கும் மகளுக்கும் மருமகளுக்கும் மூச்சில் போகும் தூள் ஒன்றே. தாய் மட்டும் நோயில் விழுந்தால், அவள் சுற்றிய ஆண்டுகள் கூடுதல் என்று சொல்லித் தப்பலாம். அவளோடு ஒரே வயதில் சுளகெடுத்து உட்கார்ந்த அடுத்த வீட்டுப் பெண் நலமாக இருப்பதற்கு என்ன சொல்வது?

தூளே எதிர்ப்பாற்றலைக் குறைக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. புகைக்காமல் தூளை மட்டும் சுவாசிப்பவர்கள் விஷயத்தில் அதே உறுதி இல்லை. அந்தப் பங்கை முழுமையாக ஒப்புக்கொண்டாலும், வாதத்தின் விளைவு மாறவில்லை. தூள் மேல் பழி போட்டவுடன் வீட்டில் எடுக்கப்படும் முதல் முடிவு, பீடி சுற்றுவதை நிறுத்துவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கப்படும் கூலி அந்த வாரமே நிற்கிறது. கூலி நின்ற வீட்டில் முதலில் குறைவது பருப்பும் முட்டையும் மீனும். குறைவாக உண்பவள் பெரும்பாலும் கடைசியில் உண்பவளான அவளே. எதிர்ப்பாற்றலைக் காப்பதாக நினைத்து எடுக்கப்படும் முடிவு, எதிர்ப்பாற்றலுக்கு வேண்டிய உணவைப் பறிக்கிறது.

2. எச்.ஐ.வி. இல்லை என்ற சீட்டு, எதிர்ப்பாற்றல் நலமாக உள்ளது என்பதற்கான சான்றிதழ் ஆகிவிடாது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் எதிர்ப்பாற்றல் என்ற சொல் பொதுமேடைக்கு வந்ததே எய்ட்ஸ் விழிப்புணர்வின் வழியாகத்தான். அந்தப் பிரச்சாரம் உயிர்களைக் காத்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் போன்ற மையங்களில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய பின் மேலும் பல உயிர்களைக் காத்தது. ஆனால் அது விட்டுச் சென்ற மிச்சம் ஒன்று உண்டு: எதிர்ப்பாற்றல் குறைவு என்பது நடத்தை சார்ந்த ஒரு களங்கம், குடும்பப் பெண்ணுக்கு அது பொருந்தாது என்ற எண்ணம். (தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவர்கள் என்பது மருத்துவர்களுக்குத் தொண்ணூறுகளிலேயே தெரிந்த செய்தி. களங்கம் அவர்களுக்கும் அநியாயமே.)

கணக்குப் போட்டுப் பார்த்தால் எண்ணம் நிற்காது. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ பதினைந்து மடங்கு என்று கொள்வோம். நீரிழிவு உள்ளவருக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு. ஒரு தனிமனிதரைப் பார்த்தால் எச்.ஐ.வி.யே பேராபத்து. ஊரைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. ஆயிரம் பெரியவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர் இருவர் அளவில். நீரிழிவு உள்ளவர், மிகக் குறைத்துச் சொன்னாலும், நூறு பேர். எந்தக் குறையும் இல்லாத ஒருவரின் ஆபத்தை ஒரு பங்கு என்று வைத்தால், இருவரின் கூடுதல் ஆபத்து இருபத்தெட்டுப் பங்கு. நூறு பேரின் கூடுதல் ஆபத்து, இரண்டு மடங்கு என்ற குறைந்த கணக்கிலேயே, நூறு பங்கு. கையில் உள்ள தரவுகளும் இதையே சொல்கின்றன. இந்தியக் காசநோயாளிகளில் எச்.ஐ.வி.யும் உள்ளவர் நூற்றுக்கு இருவர் அளவில்தான். தமிழ்நாட்டுக் காசநோயாளிகள் 827 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வில், 25.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், மேலும் 24.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலையும் இருந்தன. இரண்டையும் கூட்டினால் பாதிப் பேர்.

நீரிழிவு எதிர்ப்பாற்றலை எப்படிக் குறைக்கிறது என்பது மர்மமல்ல. இரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்கும்போது, கிருமி புகுந்த இடத்துக்கு முதலில் ஓட வேண்டிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் நகர்வும் விழுங்கும் திறனும் மந்தமாகின்றன. விழுங்கணுக்களுக்கும் டி அணுக்களுக்கும் இடையிலான செய்திப் பரிமாற்றம் தாமதமாகிறது. சிறு இரத்தக் குழாய்கள் கெட்டு, மருந்தும் அணுக்களும் புண்ணைச் சென்று சேர்வதே குறைகிறது. இவற்றில் எதுவும் எச்.ஐ.வி. பரிசோதனையில் தெரியாது.

நீரிழிவோடு பட்டியல் முடியவில்லை. லூபஸ் என்னும், உடலின் காவல் உடலையே தாக்கும் நோயில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதத்திலும் பெண்களே மிகுதி. இந்நோய்களுக்கு அளிக்கப்படும் பிரெட்னிசலோன் முதலிய ஸ்டீராய்டுகள், நோயை அடக்கும் அதே வேலையில் காசநோய்க் கிருமியையும் சால்மொனெல்லா என்ற குடல் பாக்டீரியாவையும் அடக்கி வைத்த காவலையும் தளர்த்துகின்றன. மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் ஸ்டீராய்டாவது பதிவேட்டில் இருக்கும். மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கும் மாத்திரையில் கலந்திருப்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர், மார்பகப் புற்றுக்கு மருந்தேற்றிக்கொள்பவர் ஆகியோரும் இதே வரிசையில் நிற்பவர்களே.

3. சுத்தக் குறைவு என்ற குற்றச்சாட்டு, நோயாளியை வெட்கப்படச் செய்வதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை.

பெண்ணின் சிறுநீர்த்தாரை குறுகியது; குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா அந்தக் குறுகிய வழியே சிறுநீர்ப்பையை அடைவது எளிது. எவ்வளவு கழுவினாலும் உடலமைப்பு மாறாது. அங்கே சர்க்கரையும் சேரும்போது கதை வேறாகிறது: நரம்புகள் கெட்டுச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதில்லை, தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது, தடுக்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாக இருக்கின்றன. சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே வாயுவை உண்டாக்கும் ஒரு கடும் தொற்று உண்டு. உரிய நேரத்தில் கண்டுபிடிக்காவிட்டால் சிறுநீரகத்தையும் சில வேளை உயிரையும் வாங்கும் அந்நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில் நீரிழிவாளர்கள், அவர்களிலும் பெண்களே மிகுதி. கிருமியோ, அதே சாதாரண ஈ.கோலைதான். கிருமி மாறவில்லை, இடம்கொடுத்த உடல்தான் மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னும் ஒரு படி மேலே சென்று, சுத்தம் பற்றிய உபதேசமே சில வேளை நோயை வரவழைக்கிறது. பெண்ணுறுப்பில் இயல்பாக வாழும் லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா, லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அவ்விடத்தைப் பிற கிருமிகளுக்கு உகந்ததல்லாததாக வைத்திருக்கிறது. வெள்ளைப்படுகிறது என்று அஞ்சி உட்புறத்தை சோப்பாலும் கிருமிநாசினியாலும் கழுவும் பெண், தன் காவலைத் தானே துடைத்தெறிகிறாள்; வேறு பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன; வெள்ளைப்படுதல் கூடுகிறது; இன்னும் கழுவுகிறாள். சுத்தமாக இரு என்று சொல்லி அனுப்பியவர் சர்க்கரைப் பரிசோதனை ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

உபதேசம் செய்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி வேறொன்று: விடிந்தது முதல் எண்ணிக்கையைத் துரத்தி உட்கார்ந்திருக்கும் பெண்ணால் எத்தனை முறை எழுந்து போக முடிகிறது, எழ நேரிடும் என்பதற்காக அவள் எவ்வளவு தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள்?

4. சேறு எல்லாக் காலுக்கும் ஒன்றே; நோய் மட்டும் ஏன் சிலருக்கு?

இந்த மறுப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இங்கே தவறான கருத்தின் விலை உயிராக இருக்கிறது. 1911-இல் இரங்கூனில் பணியாற்றிய ஆல்ஃபிரெட் விட்மோர் என்ற ஆங்கிலேய நோய்க்குறியியலாளரும், அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற மருத்துவரும், பிணக்கூறாய்வில் நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள் நிறைந்த சில உடல்களைக் கண்டு, அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1912-இல் இந்திய மருத்துவ இதழொன்றில் வெளியிட்டனர். இன்று அந்தக் கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். முதன்முதலில் கண்டறியப்பட்ட நோயாளிகள் பெரும்பாலும் மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி உடல் நலிந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்டுபிடித்த நாளிலேயே இந்நோய் தன் குணத்தைக் காட்டிக்கொண்டது.

வெப்பமண்டலத்தின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் இக்கிருமி, காலிலும் விரலிலும் உள்ள சிறு கீறல் வழியாகவும், பெருமழையின் போது மூச்சின் வழியாகவும் உடலில் புகுகிறது. நெல் விளையும் நாடுகளின் நோய் இது. 2016-இல் வெளியான மதிப்பீடு, உலகில் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் அவர்களில் 89,000 பேர் இறப்பதாகவும் கூறுகிறது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இத்தகைய நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறது. உலகக் கணக்கில் ஆண் நோயாளிகளே மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கன்னடியன் கால், கோடகன் கால் என்ற வாய்க்கால்களில் பாசனம் பெறும் வயல்களில் பிசானப் பருவத்து நடவு, வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வரும் வேலை. வெறுங்காலோடு சேற்றில் நின்று விரலால் நாற்றை ஊன்றுபவர்களும், பின்னர் களை பறிப்பவர்களும் பெண்கள். சேறு வயலோடு நிற்பதுமில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பின் நெல்லையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டியதில் பெரும்பங்கு பெண்களின் கைகளுடையது.

அத்தனை பேரும் ஒரே சேற்றில் நின்றவர்கள். நோயில் விழுபவர்களில், உலகெங்கும் நடந்த ஆய்வுகளின்படி, பாதிப் பேர் அளவிலோ அதற்கு மேலோ நீரிழிவாளர்கள். வேறு எந்த ஒரு காரணமும் இதற்கு அருகில் வருவதில்லை. ஆகச் சேற்றைக் குற்றம் சொல்பவர் கிருமியின் முகவரியைச் சொல்கிறாரே தவிர, அது ஏன் இவளைத் தேர்ந்தது என்பதைச் சொல்லவில்லை. தாய்லாந்தில் பரிந்துரைப்பது போல ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணியச் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் முழங்கால் சேற்றில் பூட்ஸோடு நடவு நட்டுக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

விலை எங்கே உயிராகிறது என்றால், சிகிச்சையில். இக்கிருமி பெனிசிலினுக்கும் ஜென்டாமைசினுக்கும் இயல்பிலேயே அடங்காதது. வயல் புண், சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணித் தரப்படும் வழக்கமான மருந்துகள் பல இதனிடம் தோற்கும். செஃப்டசிடைம் அல்லது மெரோபெனம் என்ற மருந்தைக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் நரம்பு வழியே செலுத்தி, பின்னர் கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரையைப் பல வாரங்கள், வழக்கமாக மூன்று மாதம், கொடுத்தால்தான் நோய் திரும்பாது. நுரையீரலில் தங்கி நாள்பட்ட இருமலும் எடைக்குறைவும் உண்டாக்கும்போது இது காசநோயைப் போலவே தோன்றுவதால், சளியில் கிருமி காணாமலேயே காசநோய் மருந்து தொடங்கப்பட்டு மாதங்கள் வீணாவதும் உண்டு. ஆய்வகத்திலும், பழக்கமில்லாதவர் கண்ணுக்கு இது சூடோமோனாஸ் இனத்து வேறொரு கிருமியாகவோ, மாதிரியில் கலந்துவிட்ட தூசிக் கிருமியாகவோ தெரியும். நோயாளி நீரிழிவுள்ள நடவுப் பெண், மாதம் கார்த்திகை என்ற இரு குறிப்புகளை மருத்துவர் சீட்டில் எழுதி அனுப்பினால் ஆய்வகத்தின் கண் விழிக்கும். சேறு என்று மட்டும் நினைப்பவர் அதை எழுதுவதில்லை.

5. எதிர்ப்புச் சக்தி புட்டியில் விற்கப்படுவதில்லை.

கொரோனாக் காலத்துக்குப் பின் எதிர்ப்புச் சக்தி ஒரு வணிகச் சரக்காகிவிட்டது. பாபநாசம் அணையின் நீர்மட்டம் போல அது ஏறும், இறங்கும், குறைந்தால் ஊற்றி நிரப்பலாம் என்பதே அந்த விளம்பரங்களின் உள்ளுறை. உண்மையில் அது ஒற்றை அளவுகோலில் அளக்கத்தக்க பொருளல்ல. எண்ணற்ற அணுக்களும் புரதங்களும் ஒன்றையொன்று ஏவியும் அடக்கியும் நடத்தும் செயல். அதன் அடக்கும் கை தளர்ந்தால் லூபஸ். ஏவும் கை தளர்ந்தால் தொற்று. எதைக் கூட்டுகிறது என்று சொல்லாத டானிக் எதையும் கூட்டுவதில்லை. சர்க்கரைப் பாகில் கரைத்த டானிக்கை, சர்க்கரை நோய் இருப்பது தெரியாத பெண் மாதக்கணக்கில் குடிப்பதில் உள்ள கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

இரத்தசோகைக்கு இரும்புச் சத்து வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். ஆனால் நாள்பட்ட தொற்றே இரத்தசோகையை உண்டாக்கும் என்பதையும், பெருகுவதற்குப் பாக்டீரியாவுக்கும் இரும்பு வேண்டும் என்பதால் கடும் தொற்றின் போது உடல் தானாகவே இரத்தத்தின் இரும்பை ஒளித்து வைக்கிறது என்பதையும் அறியாமல், வெளுத்த முகத்தைக் கண்டவுடன் இருமலைக் கேட்காமல் டானிக்கை நீட்டுவது மருத்துவம் ஆகாது.

சத்து என்ற சொல்லுக்கு உண்மையான பொருளைக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீடுகளில் நடத்தி 2023-இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வில், நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரையும் தரப்பட்டன. வீட்டாருக்கு அவ்வுணவு தரப்படாத வீடுகளோடு ஒப்பிட, காசநோய் புதிதாக வருவது 39 விழுக்காடும், நுரையீரலில் கிருமி உறுதிசெய்யப்பட்ட காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன. நோயாளிகளிலோ, முதல் இரு மாதங்களில் எடை ஐந்து விழுக்காடு கூடியவர்களின் இறப்பு வாய்ப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. தேசியக் காசநோய்த் திட்டம் நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் தந்து வந்து, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக்கியது. வரவேற்க வேண்டியதே, ஆனால் அது நோய் வந்த பின் கிடைக்கும் பணம். நோய் வராமல் காத்த அந்த அரிசியும் பருப்பும் வீட்டார் அனைவருக்கும் போனவை.

6. பெண்கள் தாமதமாக வருகிறார்கள் என்பது காரணமல்ல, விளைவு.

மருத்துவமனைக்குப் போகும் ஒரு நாள், பீடிக் கடையில் கணக்குக் கொடுக்க முடியாத ஒரு நாள். போனால் எடுக்கப்படும் சளிப் பரிசோதனையும் அவளுக்குப் பாதி உதவிதான். பெண்களில் காசநோய் நுரையீரலுக்கு வெளியே, நிணநீர் முடிச்சிலும் கருக்குழாயிலும் ஒளிந்திருப்பது கணிசம். கருக்குழாய்க் காசநோயில் இருமலே இல்லாமல், பிள்ளையில்லை என்ற பேச்சை மட்டும் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பாள். நீரிழிவுள்ளவரின் நுரையீரல் காசநோயும் எக்ஸ்ரேயில் வழக்கமான மேல்பகுதியில் தெரியாமல் கீழ்ப்பகுதியில் தெரிவதுண்டு. இத்தனைக்கும் பிறகு, தாமதம் அவளுடையது என்று எழுதுவது எளிது.

நோயாளி மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கொள்கையைத் தமிழ்நாடே ஒருமுறை உடைத்திருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானட்டோரியத்தில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் நெரிசலான வீட்டில் இருந்தபடியே மருந்துண்டவர்களையும் ஒப்பிட்டு, குணமாவதில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றே என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. காசநோய் சிகிச்சை வீட்டு வாசலுக்கு வந்தது அதன் பிறகுதான். இன்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை பார்க்கும் கருவியோடு வீட்டுக்கே வருகிறது. 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவுடன் எடைக்குறைவையும் மூச்சுத்திணறலையும் எழுந்து நிற்க முடியாத தளர்ச்சியையும் பார்த்து, ஆபத்தில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. காசநோயாளிக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்பது தேசியத் திட்டத்தில் பத்தாண்டுகளுக்கு மேலான விதி. நெல்லையிலும் தென்காசியிலும் புதிதாகக் கட்ட வேண்டியது எதுவுமில்லை; தனித்தனியே நடப்பவை ஒரே பெண்ணிடம் வந்து சேர வேண்டும். அதற்கு இடையூறாக நிற்பது, இவள் நோய்க்குத் தூள் காரணம், அவள் நோய்க்குச் சேறு காரணம் என்ற முன்முடிவே.

பீடிக் கடை, பெண்கள் இலையும் தூளும் வாங்கவும் சுற்றியதை எண்ணிக் கொடுக்கவும் ஓயாமல் வந்து போகும் இடம். ஒரு எடைக் கருவி, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், இரண்டு வாரமாக இருமல் உண்டா, மூட்டுவலிக்கு என்ன மாத்திரை என்ற இரண்டு கேள்விகள் ஆகியவற்றுக்கு அங்கே ஐந்து நிமிடம் போதும். பீடித் தொழிலாளர் சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு எழுதும் கோரிக்கைப் பட்டியலில், முகக்கவசத்துக்கு மேலே இதை எழுதட்டும்.